பொம்மை என்று எண்ணிய உடல்



1976ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், லாங் பீச் நகரக் கடற்கரையில், 'தி பைக்' என்னும் பழைய கேளிக்கைத் திடல். சிறு வண்டியில் அமர்ந்து இருட்டறைகளுக்குள் சென்று, பேய் பொம்மைகளைக் கண்டு அலறிவிட்டு மறுவாயில் வழியே சிரித்துக்கொண்டு வெளிவரும் பேய்வீடு ஒன்று அங்கிருந்தது. ஒரு தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்புக்காக உள்ளே வந்த குழுவினர், தூக்குக் கயிற்றில் தொங்கிய ஒரு பொம்மையைச் சற்றே நகர்த்த முயன்றனர். இருளில் ஒளிரும் வண்ணம் பூசப்பட்டிருந்த அதனை மெழுகில் செய்தது என்றே அனைவரும் கருதியிருந்தனர். பொம்மையின் கை ஒடிந்து விழுந்தது. ஒடிந்த இடத்தில் எலும்பு தெரிந்தது.

அது எல்மர் மெக்கர்டி என்பவனின் உடல் என்பது பின்னர் நடந்த ஆய்வில் தெரியவந்தது. 1880இல் மெய்ன் மாநிலத்தில் பிறந்தவன். குடிக்கு அடிமையானவன். திருட்டுத் தொழிலிலும் கைதேறாதவன். 1911 அக்டோபரில் ஓக்லஹாமாவில், பெரும்பணம் ஏற்றிவந்த ரயிலை மறிப்பதாக எண்ணி வேறொரு பயணிகள் ரயிலைக் கூட்டாளிகளோடு மறித்தான். கிடைத்தது 46 டாலரும் கொஞ்சம் விஸ்கியும். மூன்று நாள் கழித்து, அக்டோபர் 7ஆம் நாள் காலையில், ஒரு வைக்கோற் கொட்டிலில் காவலர்களின் குண்டுக்கு இரையானான். பாஹஸ்கா என்னும் ஊரில் ஈமக்காரியம் நடத்துபவர் உடலுக்கு ஆர்சனிக் ஏற்றிப் பதப்படுத்தி வைத்தார். உரிமை கோரி எவரும் வரவில்லை. பதப்படுத்திய கூலியையேனும் ஈட்டுவோம் என்று எண்ணினாரோ என்னவோ, அவர் அந்த உடலைக் காசுக்குக் காட்டத் தொடங்கினார். ஐந்து வருடம் கழிந்தது. அண்ணன் தம்பிகள் என்று பொய்யுரைத்து ஒரு கேளிக்கைக் குழுவினர் வந்து அதனைக் கொண்டுபோயினர். அதன்பின் ஊர் ஊராக, கைமாறிக் கைமாறி, குற்றவாளிகளின் அருங்காட்சியகத்தில் கொள்ளைக்காரனாகவும், போதைமருந்தைப் பற்றிய ஒரு திரைப்படத்துக்கு விளம்பரமாக மருந்தால் மாண்டவனாகவும் அந்த உடல் வேடம் ஏற்றது. ஒரு கட்டத்தில் அதனை மெழுகுப் பொம்மை என்று நம்பியே வாங்கினர், விற்றனர். உயிரோட்டம் போதவில்லை என்று சொல்லி அதனை ஏற்க மறுத்தவர் ஒருவரும் உண்டு என்று ஒரு கதை வழங்குகிறது. மெய்யான உடலைப் பார்த்து மெய்போல் இல்லை என்று சொன்ன அந்தச் சுவைஞரை எந்தத் திறனாய்வுப் பள்ளியில் சேர்ப்பது?

மாண்டு 65 ஆண்டுகள் கழித்துத்தான் அவன் மனிதன் என்று கண்டுகொள்ளப்பட்டான். அதற்குள் எத்தனை பேர் அந்த வண்டியில் அமர்ந்து அவனைக் கடந்து சென்றிருப்பர்! எத்தனை குழந்தைகள் அவனைப் பார்த்து அலறிச் சிரித்திருக்கும்!

அந்தத் திடல் 1979இல் மூடப்பட்டது. இன்று அங்கே கடைத்தொகுதிகள் இருக்கின்றன. அங்கிருந்து கூப்பிடு தொலைவில் நகரத்தின் மாநாட்டு மண்டபம். அந்த மண்டபத்தில் கோடைதோறும் அச்சக்கலைச் சுவைஞர்களின் மாநாடு ஒன்று கூடுகிறது. 'மிட்சம்மர் ஸ்க்ரீம்' என்பது அதன் பெயர். நடுக்கோடை அலறல் என்று தமிழில் சொல்லலாம். 2016 ஜூலையில் அது முதன்முதலாகக் கூடியது. ஏறத்தாழ இந்த வட்டத்தின் வயதே அதற்கும். பெருந்தொற்றுக் காலத்தில் இடைவெளி விழுந்து, 2022இல் மீண்டும் கூடியது. ஒரு வட்டாரத்து மக்களின் கூட்டம்தான் அது. ஆயினும் அந்த வட்டாரம் ஹாலிவுட்டையும் டிஸ்னிலாந்தையும் தன்னுள் அடக்கியது என்பதால், அங்கே வரும் தச்சரும் தையற்காரரும் ஒப்பனையாளரும் தத்தம் தொழிலில் சிறியர் அல்லர்.

பேய்களுக்கு உரிய நாள் அக்டோபர் 31, ஹாலோவீன். மாநாடு ஏன் கோடையில்? இருட்டை ஒரே இரவில் கட்டிவிட முடியாது. மரச்சட்டம் அறுக்க வேண்டும், முகமூடி வார்க்க வேண்டும், நடிகர்களைத் தேர்ந்து பழக்க வேண்டும். அறுவடை தை மாதத்தில் என்றாலும் உழவு ஆடியில்தானே.

காலை வெயிலில் மண்டபத்தின் முன் நீளும் வரிசையே முதற்காட்சி. கறுப்பு உடுத்தவர்கள் மிகுதி. பிணக்கோலம் பூண்ட தந்தையும், ஓநாய்க்காது அணிந்த தாயும், கோரைப்பல் மாட்டிய குழந்தையுமாகக் குடும்பங்கள் நிற்கின்றன. இவர்கள் கொடூரத்தை விரும்புவோர் என்று தொலைவிலிருந்து எண்ணுவோர், அந்த வரிசையில் சிறிது நேரம் நின்று பார்த்தால் வியப்படைவர். அத்துணை மென்மையாக ஒருவர்க்கொருவர் வழிவிட்டு, ஒருவர் வேடத்தை ஒருவர் வியந்து, தையலைத் தொட்டுப் பார்க்க அனுமதி கேட்டு நிற்பார்கள். உள்ளே நூற்றுக்கணக்கான கடைகள். லேட்டக்ஸ் முகமூடிகள், ரெசினில் வார்த்த மண்டையோடுகள், சவப்பெட்டி வடிவக் கைப்பைகள், ஈரமண்ணின் மணம் தரும் மெழுகுவர்த்திகள். பாதிச் சரக்கு வெறும் குப்பை என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மறுபாதியில், ஒரு கிழவியின் முகத்தில் ஒவ்வொரு சுருக்கத்தையும் கையால் கீறி, ஒவ்வொரு நரைமயிரையும் ஊசியால் தனித்தனியே நட்டு உருவாக்கிய முகமூடிகள் இருக்கின்றன. அவற்றின் முன் நிற்பவர்கள் விலை கேட்பதற்கு முன், எப்படிச் செய்தீர்கள் என்றே கேட்கின்றனர்.

மண்டபத்தின் ஓர் ஓரத்தில் பூனைக்குட்டிகள். வீடற்ற பூனைகளைப் பேணும் அன்பர்கள், அவற்றை வளர்க்க விரும்புவோர்க்கு வழங்குவதற்காகக் கொண்டுவருகின்றனர். தீநிமித்தம் என்று மேலைநாட்டார் அஞ்சி விரட்டிய கறுப்புப் பூனைக்குப் பேய் விரும்பிகளின் கூட்டத்தில்தான் மடி கிடைக்கிறது. மாநாட்டின் மிக அழகிய காட்சி இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது.

இத்தகைய சுவைஞர் கூட்டத்தின் வேர் ஓர் இதழில் இருக்கிறது. 1958இல் 'ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்' என்னும் இதழ் ஃபாரஸ்ட் அக்கர்மேனை ஆசிரியராகக் கொண்டு தொடங்கியது. பழைய பேய்ப்படங்களின் ஒப்பனைக் கலைஞர்களையும் அவர்தம் நுட்பங்களையும் சிறுவர்களுக்கு அறிமுகம் செய்த இதழ் அது. லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த தம் வீட்டையே திரைப்பட அரும்பொருள் காட்சியாக்கி, தேடிவரும் வாசகர்களுக்குத் திறந்து வைத்திருந்தார் அக்கர்மேன். ஸ்டீஃபன் கிங் சிறுவனாக இருந்தபோது அவருக்கு ஒரு கதை எழுதி அனுப்பினார், அது அச்சேறவில்லை. ஆயினும் அந்தத் தாளை அவர் எறிந்துவிடவில்லை. பின்னாளில் கிங் புகழ்பெற்றபின் அதிலேயே கையெழுத்து வாங்கினார். சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இந்த மகிழ்ச்சியை விளக்க வேண்டியதில்லை.

இனி, மாநாட்டின் உள்ளறைக்குச் செல்லலாம். 'ஹால் ஆஃப் ஷேடோஸ்', அதாவது நிழல்களின் கூடம். பெருமண்டபத்தின் ஒரு பகுதி முழுவதையும் இருளாக்கி, செயற்கை மூடுபனி நிரப்பி, அதற்குள் சிறுசிறு பேய்வீடுகளை வரிசையாக அமைத்திருப்பார்கள். நுழைவாயிலிலேயே 'சறுக்கு வீரர்கள்' எதிர்கொள்கிறார்கள். முழங்காலிலும் கையுறையிலும் உலோகத் தகடு பொருத்திக்கொண்டு, ஓடிவந்து தரையில் சறுக்கி, தீப்பொறி பறக்கப் பார்வையாளரின் காலடியில் வந்து நிற்பது இவர்தம் கலை. அருகிலுள்ள பியூனா பார்க் நகரத்தில் 'நாட்ஸ் பெர்ரி ஃபார்ம்' பூங்கா 1973இல் தொடங்கிய ஹாலோவீன் இரவுகளில் பிறந்த கலை இது. இன்று இதற்குத் தனிக்குழுக்களும் பயிற்சியும் உண்டு. முழங்கால் தேய்வதுதான் இந்தக் கலைக்கு அவர்கள் தரும் விலை.

கூடத்துப் பேய்வீடுகளில் பலவற்றைக் கட்டுவோர் தொழில்முறையாளர் அல்லர். தம் வீட்டு முற்றத்திலும் கார் நிறுத்தும் கொட்டிலிலும் அக்டோபர் மாதத்தில் பேய்வீடு கட்டி அண்டை அயலாரை அழைப்பவர்கள். பகலில் வேறு வேலை, இரவில் ஆணியும் சுத்தியலும். பலர் கட்டணம் வாங்குவதில்லை. வாங்கினாலும் அறப்பணிக்குக் கொடுத்துவிடுகின்றனர். இந்த வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், ஹாலோவீன் இரவில் இளைஞர்களின் குறும்பு வன்முறையாக மாறி, உடைமைகளுக்குச் சேதம் விளைந்தது. தடைபோட்டுப் பயனில்லை என்று கண்ட ஊரார், விருந்தும் விளையாட்டும் இருட்டு நிலவறைகளுமாக அவர்களுக்கு வேறு வேலை கொடுத்தனர். ஆக, பேய்வீடு ஊரைக் காக்க எழுந்த ஏற்பாடுகளில் ஒன்று.

அச்சுறுத்துவது எளிது என்று நினைப்பவர் இந்தக் கூடத்தில் ஒரு மணிநேரம் கழித்தால் எண்ணத்தை மாற்றிக்கொள்வார். சந்து முனையில் ஒரு பெரிய உருவம் நிற்கிறது. பார்வையாளர் அதனைக் கண்டுகொள்கிறார். அது பாயும் என்று காத்திருக்கிறார். அது அசைவதே இல்லை. அதன்மேல் கண் நிலைத்திருக்கும் அந்தக் கணத்தில், மறுபுறத்துச் சுவரின் சிறு திறப்பு வழியே வேறொருவர் முகம் நீட்டுகிறார். அலறல். முகம் உடனே மறைந்துவிடுகிறது. மறைவதுதான் கலை என்கிறார்கள் பழகியவர்கள். அச்சுறுத்திய பின்னும் அங்கேயே நிற்கும் நடிகர் சில நொடிகளில் வெறும் ஆளாகிவிடுகிறார். சொன்னபின் விலகத் தெரியாத கவிதையையும் இந்த அவையில் பலர் கேட்டிருப்பீர்கள்.

இன்னொரு விதியும் உண்டு. அஞ்சியவர் முன்னோக்கியே ஓட வேண்டும். பின்னோக்கி ஓடினால் அடுத்து வரும் குழுவின்மீது மோதி விழுவார். ஆகவே நடிகர் பின்னிருந்தோ பக்கவாட்டிலோதான் தோன்ற வேண்டும். பார்வையாளரைத் தொடுதல் பொதுவாகக் கூடாது. அலறல் நகைப்பாக மாறாமல் அழுகையாக மாறினால் முகமூடியை விலக்கிப் பேச வேண்டும். பேயாக நிற்பவர்தாம் அந்த இருட்டில் வழிகாட்டியும் காவலரும் ஆகிறார். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தார் ஒரு பேய்வீட்டுக்குள் சென்றவர்களின் இதயத்துடிப்பை அளந்து, 2020இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அச்சம் மிகக் குறைந்தாலும் இன்பமில்லை, மிகக் கூடினாலும் இன்பமில்லை, இடைப்பட்ட அளவிலேயே இன்பம் உச்சம் பெறுகிறது என்று கண்டனர். கருவி வைத்து அளந்து கண்டதை, கூடத்து நடிகர்கள் எதிரே வருபவரின் தோளைப் பார்த்தே அறிகின்றனர். தோள் காதுவரை ஏறியிருந்தால், அவரை விட்டுவிட்டு அடுத்தவரைப் பார்ப்பர்.

மெய்ப்பாடு என்று தொல்காப்பியர் சொன்னது இதைத்தான் போலும். உள்ளத்தில் நிகழ்வது உடலில் புலப்படுதல். அவர் கண்ட எட்டனுள் அச்சமும் ஒன்று. அச்சம் பிறக்கும் களங்களாக நான்கினை அவர் கூறுகிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. லாங் பீச் கூடத்தில் சுற்றிவருபவர் முதல் மூன்றையும் எளிதில் காண்பார். பேயும் சூனியக்காரியும் அணங்கின் வகை. ஓநாய் மனிதன் விலங்கு. கையில் கத்தியோடும் முகத்தில் கந்தல் துணியோடும் நிற்பவன் கள்வன். நான்காவதான இறை, அதாவது தண்டிக்கும் அதிகாரம் உடையவர், எங்கே? அவரும் இருக்கிறார். வெள்ளை அங்கியும் சாவிக்கொத்தும் அணிந்து, மனநோய் விடுதியின் மருத்துவராக நிற்கிறார். அவருக்குப் பின்னால், கட்டிப்போட்ட சட்டையில் வெறித்த கண்களோடு நோயாளி நிற்கிறான். இந்த இடத்தில்தான் இடறுகிறது.

மாநாடு முதன்முதல் கூடிய அதே 2016ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், தென் கலிஃபோர்னியாவின் ஒரு பூங்கா, மனநல மருத்துவமனையைக் களமாகக் கொண்ட ஒரு பேய்க்காட்சியைத் திறந்தது. ஒருவரை அவர் விருப்பமின்றி மனநலக் காப்பில் வைக்க இடம்தரும் மாநிலச் சட்டப்பிரிவின் எண்ணையே அதன் பெயரில் சேர்த்திருந்தனர். மனநோயுற்றோரின் குடும்பத்தாரும் அவர்க்காக உழைப்போரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். முதலில் பெயரில் இருந்த எண் நீங்கியது. சில நாட்களில் காட்சியே மூடப்பட்டது. சுவைஞர்களிடையே இது பெரும் பூசலானது. எல்லாவற்றுக்கும் புண்படுகிறார்கள், கற்பனைக்கு வேலி போடுகிறார்கள் என்றனர் ஒருசாரார். தம் அண்ணனை, தம் மகளை அந்த எண்ணின்கீழ் அழைத்துச் செல்லக் கண்டவர்களும் அதே சுவைஞர் கூட்டத்தில் இருந்தனர் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கற்பனைக்கு வேலி வேண்டாம் என்பது சரியே. ஆனால் இங்கே நிகழ்ந்தது கற்பனைக் குறைவு. ஓநாய் மனிதனை ஒருவர் கற்பனையால் உண்டாக்குகிறார். அதற்கு உறவினர் கிடையாது. பேய்க்கும் கிடையாது. நோயாளி உண்டாக்கப்பட்டவன் அல்லன். ஏற்கெனவே இருப்பவன். அவனைத் தூக்கிவந்து, வண்ணம் பூசி, பொம்மையாக நிறுத்துகின்றனர். மெக்கர்டிக்கு நேர்ந்ததும் அதுவே. இந்த மாநாட்டில் விடுதிக் களங்கள் இன்னமும் அறவே ஒழிந்துவிடவில்லை. எனினும், அதை விடுத்து வேறொன்று செய்யலாமே என்று செய்வோரே கேட்டுக்கொள்ளும் பேச்சு எழுந்திருக்கிறது. பிறர் துயரை எடுத்துப் பாடுவோர்க்கும் அந்தக் கேள்வி அயலானதன்று.

மாநாட்டின் உரையரங்குகளில் மிகுந்த கூட்டம் சேர்வது, வரும் பருவத்துக்குரிய பேய்வீடுகளின் படங்களைப் பெரிய பூங்காக்களின் வடிவமைப்பாளர்கள் வெளியிடும்போது. கவியரங்கில் நல்லதோர் அடிக்கு எழும் ஆரவாரம் அங்கே ஒரு கதவின் வரைபடத்துக்கு எழுகிறது. அதற்கு அடுத்தபடியாக, பழைய தந்திரங்களை விளக்கும் உரைகளுக்குக் கூட்டம். எட்டியேன் காஸ்பார் ராபர்ட் என்பவர் 1798 முதல் பாரிஸில் நடத்திய பேய்க்காட்சிகளில், படவிளக்கைச் சக்கரம் பூட்டிய பலகையில் ஏற்றித் திரைக்குப் பின்னால் நகர்த்தினார். நகர நகர உருவம் பெருத்துக்கொண்டே வந்து அவையினர்மேல் பாய்வதுபோல் தோன்றும். 1862ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாலையில், லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் என்பவர், சாய்த்து நிறுத்திய பெருங்கண்ணாடியின் துணையால், கீழே மறைந்து நின்ற நடிகரின் பிரதிபலிப்பை மேடைமேல் ஆவியாக உலவவிட்டார். டிர்க்ஸ் என்னும் பொறியாளரின் கருத்தை அவர் எளிமையாக்கிய முறை அது. டிஸ்னிலாந்தில் 1969இல் திறந்த பேய்மாளிகையில் ஆவிகள் விருந்துண்டு நடனமாடும் காட்சிக்கும் அந்தக் கண்ணாடியே அடிப்படை. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அது பழையதாகவில்லை.

ஓர் ஐயம் எழலாம். தந்திரம் தெரிந்தபின் அச்சம் எப்படி நிற்கும்? நிற்கிறது என்பதே மாநாட்டின் வியப்பு. காலையில் கண்ணாடியின் கோணத்தைக் கற்றவர், மாலையில் கூடத்துக்குள் அதே கண்ணாடியின் முன் மெய்சிலிர்க்கிறார். யாப்பு அறிந்தவர்க்கு வெண்பா சுவை குன்றுவதில்லை, கூடுகிறது. பரணியில் பேய்கள் கூழ் அடும் பகுதியைக் கேட்டு அஞ்சுவோரும் நகைப்போரும் ஒருவரே. அஞ்சிக்கொண்டே நகைக்க முடிவதற்குக் காரணம், இது செய்யப்பட்டது என்னும் அறிவு உள்ளத்தின் ஒரு மூலையில் விளக்காக எரிந்துகொண்டிருப்பது.

அந்த விளக்கு அணைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நாள் சான்று. 1984 மே 11. நியூஜெர்சி மாநிலத்தில் ஜாக்சன் என்னும் ஊரில் ஒரு பெரிய கேளிக்கைப் பூங்கா. அங்கிருந்த பேய்க்கோட்டை, 17 இழுவைப் பெட்டிகளை ஒன்றோடொன்று இணைத்து அமைத்தது. அவை சக்கரம் உடைய தற்காலிக அமைப்புகள் என்று கொள்ளப்பட்டதால், நிலையான கட்டடத்துக்குரிய தீத்தடுப்பு விதிகள் அவற்றைத் தொடவில்லை. தானாக நீர் தெளிக்கும் குழாய்களும் இல்லை. மாலையில் தீப்பற்றியது. உள்ளே மோதிக்கொள்ளாதிருக்கச் சுவரில் பதித்திருந்த நுரைப்பஞ்சே தீயை வளர்த்தது. எட்டு இளையோர் வெளியே வரவில்லை.

அங்கே புகை இருப்பது வழக்கம். இருட்டும் வழக்கம். அலறலும் வழக்கம். காட்சியின் புகை எது, தீயின் புகை எது? நுழைந்தவரை மகிழ்விக்க அமைத்த ஒவ்வொன்றும் அன்று வாயிலை மறைத்தது. வழக்கு நடந்தது. தீ எப்படி மூண்டது என்பதில் இருவேறு வாதங்கள் எழுந்தன. 1985இல் நிறுவனத்தாரைக் குற்றவாளிகள் அல்லர் என்று அறங்கூறாயம் விடுவித்தது. தீர்ப்பு அவ்வாறாயினும், கட்டட விதிகளும் தீத்தடுப்பு விதிகளும் மாறின. பேய்வீடு போன்றவற்றுக்கென்று தனிப்பிரிவே வகுக்கப்பட்டது. நீர்தெளிப்பான் வேண்டும். இன்னொன்றும் வேண்டும்: புகையை உணர்கருவி அறிந்ததும், வெளியேறும் வழியெங்கும் விளக்குகள் எரிய வேண்டும், குழப்பும் ஒலிகளும் கண்ணை மயக்கும் காட்சிகளும் அந்தக் கணமே நிற்க வேண்டும்.

சட்டநூல்களில் கவிதையைத் தேடுவார் இல்லை. ஆயினும், மெய்யான கேடு வந்ததும் பொய்யான அச்சம் வாய்மூட வேண்டும் என்று விதித்த அந்தப் பிரிவை எழுதியவர் எவராயினும், அச்சக்கலையின் இலக்கணத்தை அறிந்தே எழுதினார். மாநாட்டுக் கூடத்தில் இருட்டுக்கு நடுவே பச்சையாகவோ சிவப்பாகவோ ஒளிரும் வெளிவாயில் பலகைகள் காட்சியைக் கெடுக்கின்றன என்று புதிதாய் வருவோர் சிலர் முணுமுணுப்பதுண்டு. பழையவர்கள் அதற்குப் பதில் சொல்வதில்லை. தாம் கட்டும் ஒவ்வொரு சந்தையும் அந்தப் பலகை கண்ணில் படும்படியே திருப்பி அமைக்கின்றனர்.

மெக்கர்டியின் கதையில் ஒரு பகுதி மீதமிருக்கிறது. கை ஒடிந்தபின் உடல் லாஸ் ஏஞ்சலிஸ் பிணப்பரிசோதனை அலுவலகத்துக்குச் சென்றது. ஆர்சனிக் கண்டறியப்பட்டது. வாய்க்குள் 1924ஆம் ஆண்டு அச்சிட்ட ஒரு காசும், குற்றவாளிகளின் அருங்காட்சியகத்து நுழைவுச்சீட்டின் துண்டுகளும் கிடைத்தன. தன்னைப் பார்க்க விற்ற சீட்டே அவனுக்கு அடையாளச் சீட்டாயிற்று. 1977 ஏப்ரல் 22ஆம் நாள், ஓக்லஹாமாவின் கத்ரி நகரக் கல்லறைத் தோட்டத்தில் அவனை அடக்கம் செய்தனர். உயிரோடு இருந்தபோது அவனை அறிந்தவர் எவரும் வந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் கூட்டம் திரண்டு வந்தது. பெட்டியின்மேல் இரண்டடி உயரத்துக்குக் கான்கிரீட் ஊற்றினர். எவரும் தோண்டி எடுத்து மீண்டும் காட்சிக்கு வைத்துவிடக் கூடாது என்பதற்காக.

அவன் கதை 2025 ஏப்ரலில் நியூயார்க்கின் பிராட்வே மேடைக்கு 'டெட் அவுட்லா' என்னும் இசை நாடகமாக வந்தது. நாடகத்தின் முற்பகுதியில் மெக்கர்டியாகப் பாடி ஆடிய நடிகர், அவன் மாண்டபின் நிமிர்த்தி வைத்த பெட்டிக்குள் பிணமாக நின்றார். கண்ணிமை அசையாமல், மூச்சு தெரியாமல், நெடுநேரம். சுற்றிலும் மற்றவர்கள் பேசி, பாடி, அவனை விலைபேசிக்கொண்டிருந்தனர். அவையினர் கதையை விட்டு அந்த மார்பையே உற்றுப் பார்த்திருந்தனர். மூச்சு எங்கேனும் தெரிகிறதா என்று. இரவு நாடகம் முடிந்ததும் அவர் ஒப்பனை கலைத்து வீட்டுக்குப் போனார். மறுநாள் வந்து மறுபடியும் பெட்டிக்குள் நின்றார்.